பாலின் மேல் சுமத்திய பழி

சில செய்திகளை ஆண்கள் பேசலாகாது என்பது நம் குடும்பங்களில் எழுதப்படாத ஓர் ஒழுங்கு. பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையின் வாசலில் திரை தொங்கும். திரைக்கு உள்ளே பெண்கள். வெளியே, நாற்காலியில் நாம். கேட்டதை வாங்கிக் கொடுத்து, சொன்னபோது வண்டி பிடித்துக் கொடுத்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று எண்ணிக்கொள்வோம். நாணம் நல்ல குணந்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த நாணத்தின் நிழலில் அறியாமையும் வசதியாகக் குடியிருந்துவிடுகிறது என்பதை 2024-ஆம் ஆண்டு நம் வீட்டிலேயே கண்டோம். அறியாமை திரைக்கு உள்ளே மட்டும் இருந்ததாகச் சொன்னால் அது நியாயமாகாது. நாற்காலியில் இருந்த நம்மிடமும் இருந்தது; சற்று அதிகமாகவே இருந்தது. ஆகவேதான் கூச்சத்தை ஒருபுறம் வைத்துவிட்டு இதை எழுதத் துணிந்தோம்.

தாமிரபரணி கடலோடு கலக்கும் கரையை அடுத்தது நம் ஊர். மணமான பெண்ணும் தாய்வீட்டிலேயே வாழ்வது இங்கே வழக்கம். நம் இளைய மகளுக்கு அவ்வாண்டு ரமலான் மாதத்தின் நடுவில் ஆண் மகவு பிறந்தது. தலைப்பிள்ளை, சுகப்பிரசவம். ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயரிட்டோம். பிள்ளை நன்றாகப் பால் குடித்தது. மகளும் முகம் தெளிந்து எழுந்து நடமாடினாள். நோன்பு திறக்கும் நேரத்தில் பிள்ளையின் அழுகுரலும் பள்ளிவாசல் பாங்கும் ஒன்றாகக் கேட்டபோதெல்லாம் நம் நெஞ்சு இறைவனுக்கு நன்றி சொல்லிற்று.

ஏப்ரல் மாதத்தில் நோன்புப் பெருநாள் வந்தது. அன்று பிள்ளைக்குப் பதினாறு நாள். காலைத் தொழுகை முடிந்தது முதல் வீடு கொள்ளாத விருந்தினர். வந்தவர் எல்லாரும் பிள்ளையைக் கையில் வாங்கினர். மடிக்கு மடி மாறிய பிள்ளை சிணுங்கியபோது யாரோ சீனித் தண்ணீரைத் தொட்டு நாவில் வைத்தார்கள். பெற்றவளோ, பெருநாளைக்கென்று தைத்த இறுக்கமான புதுச்சட்டை அணிந்து, வந்தவர்களுக்கெல்லாம் சலாமுக்குப் பதில் சொல்லிக்கொண்டு உள்ளறையில் இருந்தாள். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பசியாறிய பிள்ளை அன்று விடியலிலிருந்து அஸர் வரை இரண்டே முறைதான் தாயின் மார்பைக் கண்டது. இவையெல்லாம் பிறகு கணக்கிட்டுப் பார்த்தபோது தெரிந்தவை. அன்று எவருக்கும் தோன்றவில்லை.

இஷாவுக்குப் பிறகு மகளின் இடது மார்பு கல்லாக இறுகிவிட்டது. 'பால் கட்டிக்கொண்டது' என்றார்கள். நம் இல்லாள், தன் தாயார் தனக்குச் செய்ததையே மகளுக்கும் செய்தாள். கொதிநீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தாள். எண்ணெய் தடவி, கட்டியிருந்த இடத்தைக் கைமணிக்கட்டால் அழுத்தித் தேய்த்தாள். திரைக்கு வெளியே கேட்ட மகளின் அலறலை இன்றும் நம்மால் மறக்க இயலவில்லை. விடிந்தபோது கட்டி கரையவில்லை. உள்ளங்கை அகலத்திற்குச் சிவந்து பழுத்திருந்தது. குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் 102 டிகிரிக்கு ஏறியிருந்தது.

நம் வீட்டில் எண்பத்து மூன்று வயதான மாமி ஒருவர் இருக்கிறார். நம் தந்தையின் தங்கை. இந்தத் தெருவில் அவர் கைபடாத பிள்ளை இல்லை எனலாம். அவர் வந்து பார்த்தார். இடது மார்பிலிருந்து ஒரு துளிப் பாலை விரலில் எடுத்து நாவில் வைத்தார். முகம் சுளித்தது.

"கரிக்குது மோளே. பாலு கெட்டுப்போச்சு. இதைப் புள்ளைக்குக் குடுக்கக்கூடாது."

மாமியின் சொல்லுக்கு அவர் ஒரு சான்றும் வைத்திருந்தார். மடிநோய் கண்ட பசுவின் பாலை எவரும் வீட்டில் சேர்ப்பதில்லை, கறந்து கொட்டிவிடுகிறார்கள். மாட்டுக்கு ஒரு நியாயம், மனிதருக்கு ஒரு நியாயமா என்று அவர் கேட்டதற்கு மறுமொழி சொல்ல அங்கே ஆள் இல்லை. அன்றிலிருந்து இடது மார்பில் பாலூட்டுவது நின்றது.

அருகிலிருந்த மருத்துவர் ஒருவர் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து, பாலைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். அடுக்களையில் இருந்த ஒரு சிறு புட்டியில் பாலைப் பிழிந்து வாங்கினோம். அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நம் மருமகன், வழியில் ஜும்ஆவுக்கும் நின்று, ஏப்ரல் வெயிலில் மூன்று மணி நேரம் கழித்து நகரத்துப் பரிசோதனைக் கூடத்தில் சேர்த்தார். இரண்டு நாள் சென்று ஒரு மாலையில் தாள் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தமையால் திரையைத் தாண்டி அது நம் கைக்கு வந்தது.

முப்பதாண்டுகள் பள்ளியில் கணிதம் கற்பித்தவர் நாம். அச்சிட்ட தாளின் மேல் நமக்கு இயல்பாகவே ஒரு மதிப்புண்டு. 'ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ்' என்றொரு பெயரும், அதனருகே 'மிகுதியான வளர்ச்சி' என்ற பொருள்படும் சொல்லும் இருந்தன. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையின் பக்கம் திரும்பி, வகுப்பில் விடை சொல்லும் அதே குரலில் நாம் தீர்ப்புச் சொன்னோம்: "பாலிலே கிருமி இருக்கிறது. இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டாம்."

அன்றிரவு நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறோம். கடையிலிருந்து மாவுப்பால் டின் வந்தது. பிள்ளை ரப்பர்க் காம்பைத் துப்பித் துப்பி அழுதது. அடுத்த வீட்டு மருமகள் பாலூட்ட முன்வந்தாள், நல்ல மனம். ஆனால் பால்குடி உறவு ஏற்பட்டுவிட்டால் நாளை அந்தப் பிள்ளைகளுக்குள் மணவுறவு கூடாது. பெரியவர்களைக் கேட்டுச் செய்யவேண்டிய காரியம் என்று அது தள்ளிப்போயிற்று. கடைசியில் மாமி ஒரு முழம் மல்லிகைச் சரத்தைக் கொண்டுவந்தார். மார்பின் மேல் அதை வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும், வலியும் தணியும் என்பது நம் பக்கத்துக் கைவைத்தியம். பொய்யான வைத்தியமும் அன்று. 1988-இல் வெளிவந்த வேலூர் மருத்துவர்களின் ஆய்வொன்று, பாலை வற்றச் செய்யும் புரோமோகிரிப்டின் மருந்தோடு மல்லிகையை ஒப்பிட்டு, பால் வற்றுவதிலும் வீக்கம் தணிவதிலும் இரண்டும் ஒத்த பயன் தந்தன என்று கண்டது.

ஆயினும் அந்தப் பூவை நம் ஊரில் யாருக்கு வைப்பார்கள் என்பது பெண்களுக்குத் தெரியும். பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்த தாய்க்கு வைப்பார்கள். சரத்தைக் கண்டதும் நம் மகள் வாய்விட்டு அழுதாள். "எம்புள்ளை உசிரோட இருக்கானே உம்மா, எனக்கு ஏன் இந்தப் பூவு?" என்று அவள் கேட்டது திரையைக் கடந்து வந்து நம் நாற்காலியருகே நின்றது.

அப்போது நம் இல்லாள் வெளியே வந்தாள். முப்பத்தைந்தாண்டு இல்வாழ்வில் அவள் நம்மை நோக்கிக் குரல் உயர்த்தியது அந்த ஒருமுறைதான். "எனக்கு இந்தப் பூவை வெச்சுக் கட்டினப்பவும் நீங்க இந்த நாற்காலியிலதான் இருந்தீங்க" என்றாள்.

1991-ஆம் ஆண்டு. நம் தலைமகனுக்கு நாற்பது நாள் கூட ஆகவில்லை. அவளுக்கும் இப்படித்தான் பால் கட்டியது, இப்படித்தான் 'கெட்ட பால்' என்றார்கள், இப்படித்தான் நிறுத்தினார்கள். கட்டி சீழ்பிடித்து, கீறி எடுக்கவேண்டி வந்தது. மகன் புட்டிப்பாலில் வளர்ந்தான். அந்தப் பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாமற் போனது தன் உடம்பின் குற்றம் என்று அவள் இத்தனை ஆண்டுகளும் எண்ணிக்கொண்டிருந்தாள் என்பதே நமக்கு அன்றுதான் தெரிந்தது. மல்லிகைச் சரத்தை அவளே வாங்கி முற்றத்தில் வைத்தாள். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு, தாயையும் பிள்ளையையும் காரில் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் புறப்பட்டோம்.

அங்கே நாம் கண்ட பெண் மருத்துவர் தாளை வாங்கிப் பார்ப்பதற்கு முன் மகளைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். ஸ்கேன் எடுத்து, இன்னும் சீழ் கட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பின்னர் நம்மையும் உள்ளே அழைத்து உட்காரச் சொன்னார். "தாளைப் படித்தது நீங்கள்தானாமே. அப்படியானால் நீங்களும் கேட்கவேண்டும் ஐயா" என்றார்.

அவர் கேட்ட முதல் கேள்வி, பாலை எப்படி எடுத்தீர்கள் என்பது. சொன்னோம். மார்பைச் சுத்தம் செய்து, முதலில் வரும் சில துளிகளை விட்டுவிட்டு, கிருமி நீக்கிய கலத்தில் பிடித்து, குளிர்ச்சியோடு விரைவில் சேர்க்கவேண்டிய பொருள் அது என்றார். நாம் செய்ததோ அதற்கு நேர் மாறு. தோலின் மேல் இருந்தவை, புட்டியில் இருந்தவை, வெயிலில் மூன்று மணி நேரம் பெருகியவை எல்லாம் சேர்ந்துதான் அந்த 'மிகுதி'. கூட்டலில் தவறிவிட்டு விடையை மட்டும் உரக்கப் படித்த மாணவனைப் போல் இருந்தது நம் நிலை.

"சரி, ஒழுங்காக எடுத்திருந்தாலும் கிருமி இருக்கத்தான் செய்யும்" என்று தொடர்ந்தார். தாய்ப்பால் கிருமியே இல்லாத திரவம் என்று மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் நம்பியிருந்தது. 2003-இல் மத்ரீத் நகரத்து ஆய்வாளர்கள், நலமாயிருக்கும் தாய்மாரின் பாலிலேயே, குழந்தையின் குடலுக்கு நன்மை செய்யும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இருப்பதைக் காட்டினார்கள். அதன்பின் வந்த ஆய்வுகளில் நூற்றுக்கணக்கான வகைகள் தெரியவந்தன. நாளொன்றுக்கு 800 மில்லிலிட்டர் பால் குடிக்கும் குழந்தை, அதனோடு ஒரு லட்சம் முதல் ஒரு கோடி வரை பாக்டீரியாக்களை விழுங்குகிறது என்பது ஒரு மதிப்பீடு. அவற்றில் சில தாயின் தோலிலிருந்து வருகின்றன. சில குழந்தையின் வாயிலிருந்தே வருகின்றன. ஏனெனில் பால் சுரந்து வரும் வேகம் தணியும்போது, குழாய்களில் இருந்த பால் சிறிது பின்னோக்கியும் செல்கிறது. 2004-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதனை ஒலியலைக் கருவியால் கண்ணால் காணக் காட்டினர். ஆக, தாயின் பாலில் இருக்கும் கிருமிக்கும் பிள்ளைக்கும் இடையே அறிமுகம் ஏற்கெனவே ஆகியிருக்கிறது.

நம்மை அச்சுறுத்திய அந்தப் பெயரின் வரலாற்றையும் பிறகு தேடிப் படித்தோம். அபர்தீன் நகரத்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880-களின் தொடக்கத்தில் சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, உருண்டை உருண்டையான கிருமிகள் குலைகுலையாகத் தெரிந்தன. கிரேக்க மொழியில் திராட்சைக் குலையைக் குறிக்கும் சொல்லால் 'ஸ்டெபைலோகாக்கஸ்' என்று பெயரிட்டார். பின்னர் 1884-இல், பொன்னிறத்தில் வளரும் இனத்துக்கு 'ஆரியஸ்' என்ற அடைமொழி சேர்ந்தது. நோய் செய்ய வல்லதுதான். மார்பு அழற்சியில் மிகுதியாகக் காணப்படுவதும் இதுதான். ஆனால் நலமாயிருக்கும் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவரின் மூக்கினுள்ளும் இது குடியிருக்கிறது. இருப்பது வேறு, நோய் செய்வது வேறு.

அடுத்து மாமியின் நாவைப் பற்றிக் கேட்டோம். மருத்துவர் சிரிக்கவில்லை. "அவர்கள் சொன்னது முழுக்க உண்மை. அந்தப் பால் கரிக்கத்தான் செய்யும்" என்றார். பால் சுரக்கும் அணுக்கள் ஒன்றோடொன்று நெருக்கமாகக் கோத்து நிற்பதால்தான் இரத்தத்தில் உள்ள உப்பு பாலில் கலப்பதில்லை. அழற்சி கண்டால் அந்தக் கோப்பு தளர்கிறது. சோடியமும் குளோரைடும் பாலுக்குள் கசிகின்றன. பாலின் இனிப்புக்குக் காரணமான லாக்டோஸ் குறைகிறது. பிள்ளை சில வேளை அந்தப் பக்கத்தை மறுப்பதும் இந்தச் சுவை மாற்றத்தால்தான். அது வீக்கத்தின் அடையாளம். நஞ்சின் அடையாளம் அன்று. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களும் லாக்டோஃபெரின் என்னும் காப்புப் புரதமும் அந்த வேளையில் பாலில் கூடுதலாகவே வருகின்றன. பசுவின் கதை வேறு. அந்தப் பால் கறக்கப்பட்டு, பிற பாலோடு கலந்து, மணிக்கணக்காக நின்று, ஊரார் பலருக்கும் போகவேண்டியது. நின்ற இடமெல்லாம் கிருமி பெருகும். தாயின் பாலுக்கு அந்தப் பயணம் இல்லை. சுரந்த இடத்திலிருந்து பிள்ளையின் வாய்க்கு நேரே போகிறது.

மாமி கண்டது மெய். அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை. தாளில் கண்டதும் மெய். நாம் எடுத்த முடிவுதான் பிழை. எழுதப் படிக்கத் தெரியாத மாமியும், படித்தவர் என்று பெயரெடுத்த நாமும் அந்த அறையில் ஒரே இடத்தில் நின்றோம்.

அப்படியானால் நோய் எங்கே தொடங்கியது என்று மகள் கேட்டாள். "பெருநாள் அன்றைக்கு அம்மா" என்றார் மருத்துவர். பால் வெளியேறாமல் தேங்கியது. இறுகிய உடை அழுத்தியது. குழாய்களைச் சுற்றியுள்ள திசு வீங்கியது. குழாய்க்குள் ஏதோ கட்டி அடைத்துக்கொள்வதாக நாம் நினைப்பது சரியன்றாம். வாய்க்காலின் நடுவில் கல் விழுந்த கதையன்று அது. இருபுறத்துக் கரையும் நீர் ஊறிப் பெருத்து வாய்க்காலை நெருக்கிவிட்ட கதை. கல்லென்றால் தள்ளலாம். ஊறிய கரையைக் குத்தினால் கரைதான் இடியும். அழுத்தித் தேய்க்கத் தேய்க்க உள்ளே மெல்லிய திசுக்கள் நசுங்கி வீக்கம் கூடுமேயன்றிக் குறையாது. இதைக் கேட்டு நம் இல்லாள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். மருத்துவர் அதைக் கவனித்துவிட்டு, "நாங்களும் சில ஆண்டுகளுக்கு முன்வரை தேய்க்கத்தான் சொன்னோம் அம்மா" என்றார். அந்தச் சொல்லுக்காகவே அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அவர் சொன்ன மருத்துவமும் எளியது. இரண்டு பக்கமும் பிள்ளை கேட்கும்போதெல்லாம் வழக்கம்போல் கொடுக்கவேண்டும். காலியாக்க வேண்டுமென்று மேலும் மேலும் பிழிந்தெடுத்தால் சுரப்பு இன்னும் கூடி வீக்கம் ஏறும். ஆகவே அது வேண்டாம். கொதிநீர் ஒத்தடத்திற்குப் பதில் துணியில் சுற்றிய பனிக்கட்டி. தேய்ப்பதற்குப் பதில், அக்குளை நோக்கித் தோலின் மேல் பூப்போல ஒரு வருடல். வலிக்கும் வீக்கத்துக்கும், பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மாத்திரை. தளர்ந்த உடை, ஓய்வு. முதல் நாளே வந்திருந்தால் பெரும்பாலும் இவ்வளவே போதியிருக்கும் என்றார். ஆனால் மூன்று நாள் பாலை நிறுத்தித் தேங்கவிட்டதாலும், காய்ச்சலும் சிவப்பும் அடங்காததாலும் கிருமித் தொற்று வேரூன்றிவிட்டதாகக் கருதி, ஆன்டிபயாடிக் மருந்தைப் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். அதை உண்டுகொண்டே பால் கொடுக்கலாம், கொடுக்கவேண்டும் என்றார்.

வீடு திரும்பிய பிறகு நாம் இதைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தோம். தவறு செய்த ஆசிரியனுக்கு அதுதானே பரிகாரம். 1984-இல் டென்மார்க்கு மருத்துவர்கள், பாலில் உள்ள வெள்ளணுக்களையும் பாக்டீரியாக்களையும் எண்ணி, இந்நோயை மூன்றாகப் பிரித்தனர். வெள்ளணு ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சத்திற்கும், பாக்டீரியா ஆயிரத்திற்கும் உட்பட்டிருந்தால் வெறும் பால் தேக்கம். வெள்ளணு மட்டும் மிகுந்தால் தொற்றில்லாத அழற்சி. இரண்டும் மிகுந்தால் தொற்று. 2000-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, பால் தேக்கமே பெரும்பாலும் முதற்காரணம் என்றும், பாலூட்டலைத் தொடரவேண்டும் என்றும் கூறியது. எண்ணிக்கையைக் கொண்டே நோயை முடிவு செய்யலாம் என்ற நம்பிக்கையை அசைத்தது 2008-இல் வெளிவந்த சுவீடன் ஆய்வு. மார்பு அழற்சி கண்ட 192 பெண்களின் பாலையும், நலமாயிருந்து பால் தானம் செய்த 466 பெண்களின் பாலையும் ஒப்பிட்டார்கள். இரு சாராரிடமும் காணப்பட்ட முக்கியமான ஐந்து வகைக் கிருமிகள் ஒன்றே. ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் நோயுற்றவரிடம் கூடுதலாக இருந்தது மெய். ஆனால் நலமானவரிடமும் இருந்தது. கிருமியின் எண்ணிக்கை ஏற ஏற நோயின் கடுமையும் ஏறியதா என்றால், அதுவும் இல்லை. தேய்க்காதீர்கள், மிகையாகப் பிழியாதீர்கள் என்று நம் மருத்துவர் சொன்னது, 2022-இல் தாய்ப்பால் மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்பொன்று திருத்தி வெளியிட்ட நெறிமுறையின் சாரம் என்பதையும் அறிந்தோம்.

அப்படியென்றால் பால் பரிசோதனையே வீணா? இல்லை. மருந்து தொடங்கி இரண்டு நாளாகியும் குணம் தெரியாதபோது, நோய் திரும்பத் திரும்ப வரும்போது, மருந்துக்கு மசியாத கிருமியோ என்ற ஐயம் எழும்போது, எந்த மருந்து பலிக்கும் என்று அறிய அது உதவுகிறது. மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் தாள் அது. பாலை நிறுத்தச் சொல்லும் தாள் அன்று. விலக்குகளும் உண்டு, அவற்றை மறைக்கலாகாது. எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்க்கு மார்பு அழற்சி கண்டால், அந்தப் பக்கத்துப் பாலைக் கொடுப்பது பற்றி மருத்துவர் கூறுவதே முடிவு. குறைமாதத்தில் பிறந்து மருத்துவமனைக் காவலில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அப்படியே. ஒரு நாள் கடந்தும் காய்ச்சல் தணியாவிட்டால், சிவப்பு பரவினால், கட்டி குழைந்து தளும்பினால், கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் போய்விடவேண்டும்.

திருநெல்வேலியிலேயே, அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தின் மூலையில், மகள் பிள்ளையை இடது பக்கம் சேர்த்தாள். பிள்ளை ஒருமுறை உறிஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டது. கரிப்பு. மகள் அஞ்சிவிட்டாள். நம் இல்லாள் அவளருகே உட்கார்ந்து, முக்காட்டை இழுத்து மறைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை வை மோளே" என்றாள். மூன்றாம் முறை பிள்ளை விடவில்லை. நாம் தூரத்தில் திரும்பி நின்றிருந்தோம். ஆனால் பிள்ளை விழுங்கும் ஓசை நின்ற இடம்வரை கேட்டதாகவே நமக்குத் தோன்றியது. நான்காம் நாள் சிவப்பு மறைந்தது. பத்தாம் நாள் கட்டி இருந்த இடம் தெரியவில்லை. பாலும் இனித்ததாக மாமி நற்சான்று கொடுத்தார்.

பாலூட்டலை நிறைவாக்க விரும்புவோருக்கு முழு இரண்டாண்டுகள் என்று இறைமறை கால எல்லை வகுத்திருப்பதை நாம் எத்தனையோ சொற்பொழிவுகளில் கேட்டிருக்கிறோம். அதே வசனம், பிள்ளையின் பொருட்டுத் தாய் துன்பத்துக்கு உள்ளாக்கப்படலாகாது என்பதையும் சொல்கிறது. தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பில் வைக்கிறது. முன்பாதியைப் பெண்களுக்கு நினைவூட்ட நம்மில் பலர் இருக்கிறோம். பின்பாதி யாருக்கு என்று கேட்பவர் குறைவு. 'உன் பால் கெட்டது' என்ற ஒரு சொல், பதினாறு நாள் தாயை எவ்வளவு தூரம் தள்ளிவிடும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். அந்தச் சொல்லை முப்பத்து மூன்றாண்டுகள் நெஞ்சில் சுமந்தவளோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் அறியாதிருந்தோம்.

பெருநாளோ, திருமணமோ, வீட்டில் எத்தனை விருந்தினர் வந்தாலும், பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் உரிய நேரத்தை எவரும் எடுத்துக்கொள்ளாதிருக்கப் பார்ப்பது வீட்டுத் தலைவனின் கடமை. அதற்குத் திரையைத் தாண்ட வேண்டியதில்லை. வாசலில் நின்று, 'பிள்ளைக்குப் பசிநேரம்' என்று சொன்னால் போதும். 2025-ஆம் ஆண்டுப் பெருநாளன்று நாம் அதைச் சொன்னோம். பேரனுக்கு அப்போது ஒரு வயது நிரம்பியிருந்தது. விருந்தினர் கையிலிருந்து அவனை வாங்கி உள்ளே கொடுத்தபோது, நம் இல்லாள் திரையை விலக்கிப் பெற்றுக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் சற்று உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.